ரிமோட் டீம் சரியா ஓடலையா? அறிகுறியை வெச்சு கோளாறு பாக்குற வழி

டீம் லீடா இருக்கறவங்களுக்கும், லீடா இல்லாட்டியும் ரிமோட் டீம்ல உக்காந்துக்கிட்டு "ஏன் இப்படியே ஆகுது"ன்னு மண்டை காயுறவங்களுக்கும் இதை எழுதுறேன். நான் கோயம்புத்தூர்ல வீட்டுல இருந்து வேலை பாக்குறேன். டீம்ல 11 பேர், சென்னையில நாலு, கோயம்புத்தூர்ல என்னையும் சேத்து ரெண்டு, தூத்துக்குடி மாவட்டத்துல சொந்த ஊர்ல இருந்து ஒரு தம்பி, மீதி நாலு பேர் நியூ ஜெர்சி. இந்த 11 பேரும் ஒரே ரூம்ல ஒரு தடவைகூட சேந்து உக்காந்தது இல்ல. இத்தனை வருஷத்துல டீமைப் படுக்க வெச்ச கோளாறுகளை எண்ணிப் பாத்தா பாதிக்கு மேல டெக்னிக்கலே கிடையாது, பயம், தனிமை, ஒருத்தரை ஒருத்தர் தப்பா எடுத்துக்கிட்டது, தூக்கம் கெட்டது, இதுதான்.

சர்வர் டவுன் ஆனா லாக் (சர்வர்ல தானா பதிவாகுற குறிப்பு) எடுத்துப் பாக்காம யாரும் சர்வரைக் குத்தம் சொல்ல மாட்டோம். ஆனா கூட வேலை பாக்குற மனுஷன் ரெண்டு நாள் டல்லா இருந்தா மட்டும் லாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, நேரா "அவருக்கு இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு முடிவு கட்டிடுறோம். ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருந்தா முகத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கும், ராத்திரி தூங்கலன்னு. ஸ்க்ரீன்ல அது தெரியாது, அந்த தெரியாத இடத்தை நம்ம மனசு தானா ஏதாவது ஒண்ணைப் போட்டு நிரப்பிக்கும், பெரும்பாலும் கெட்டதைத்தான் போடும்.

உங்க டீம்ல எது நடக்குதோ நேரா அங்க போயிடுங்க. முதல் அறிகுறியை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் கிளம்புது.

எதுக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷ செக்

மனசு, உறவுன்னு தோண்டறதுக்கு முன்னாடி சாதாரண விஷயத்தைக் கழிச்சுக் கட்டிடுங்க. அவருக்கு விபிஎன் வேலை செய்யுதா, ஆக்சஸ் வந்திடுச்சா, டிக்கெட்ல (ஒவ்வொரு வேலைக்கும் போடுற குறிப்புல) என்ன பண்ணணும்னு உண்மையிலேயே தெளிவா எழுதியிருக்கா, ஒரே ஆளை மூணு ப்ராஜெக்ட்ல போட்டு வெச்சிருக்கா. இதுல ஒண்ணு மாட்டுச்சுன்னா அதை சரி பண்ணிட்டு ஒரு வாரம் பாருங்க. ஒரு தடவை ஒரு பையன் மூணு நாளா வேலையே ஆரம்பிக்கலன்னு எல்லாரும் முணுமுணுத்துக்கிட்டு இருந்தோம், பாத்தா ரெப்போ (கோட் வெச்சிருக்கற இடம்) பெர்மிஷனே அவனுக்குக் கொடுக்கல, கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்கான். அந்தக் கூச்சம்தான் ரெண்டாவது அறிகுறி, கீழ வரும்.

அறிகுறி 1: மெசேஜ் போட்டா பதிலே வரல

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பேய் மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, தாமிரபரணி கரை மீறி ஓடுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ஒரு ரயிலே நூத்துக்கணக்கான பயணிகளோட வெள்ளத்துக்கு நடுவுல நின்னு போச்சு. எங்க தம்பி அந்தப் பக்கத்து ஊருதான். திங்கட்கிழமை ஸ்டாண்ட்அப்புக்கு (தினமும் நடக்குற சின்ன மீட்டிங்) வரல. செவ்வாயும் வரல. அந்த வாரம் அவன் முடிக்க வேண்டிய ஒரு மாட்யூலுக்காக நியூ ஜெர்சில ஒருத்தர் காத்துக்கிட்டு இருந்தாரு. புதன்கிழமை அவரு எனக்கும் எனக்கு மேல இருக்கறவருக்கும் சேத்து ஒரு மெயில் போட்டாரு, மூணு நாளா ரெஸ்பான்ஸ் இல்ல, எந்தத் தகவலும் இல்ல, இப்படி பொறுப்பில்லாத ஆளை வெச்சு ரிலீஸ் பண்ண முடியாது, ரீப்ளேஸ்மென்ட் வேணும்னு.

அவர் கெட்டவர் கிடையாது. அவருக்குத் தெரியாது, அவ்ளோதான். சென்னைல இருந்த நாலு பேருக்கும் வெள்ளம் தெரியும், டிவில பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஆனா நான் சொல்லியிருப்பேன்னு விட்டுட்டாங்க. நான் என்ன நினைச்சேன்னா, இவ்ளோ பெரிய வெள்ளம், அங்கயும் நியூஸ்ல வந்திருக்கும்னு நினைச்சேன். ஆக மொத்தம் ஏழு பேருக்குத் தெரிஞ்ச விஷயம் மீதி நாலு பேருக்குப் போகவே இல்ல. தம்பி வியாழக்கிழமை சித்தப்பா போன்ல இருந்து கூப்பிட்டான். முதல் வார்த்தை என்ன தெரியுமா, "அக்கா, லேப்டாப் பத்திரமா இருக்கு, பாலித்தீன் கவர்ல சுத்தி பரண்ல வெச்சிருக்கேன்". வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்ன பையன் சொன்னது இது. அவனைத்தான் பொறுப்பில்லாதவன்னு மெயில்ல எழுதி வெச்சிருந்தது. எனக்கு இன்னிக்கும் அதை நினைச்சா மனசு ஆறல.

அதுக்கப்புறம்தான் நான் இதைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். கேதரின் க்ராம்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2001ல வெளியான அவங்க ஆய்வுல, வேற வேற ஊர்ல உக்காந்து ஈமெயில்லயே ப்ராஜெக்ட் பண்ண 13 மாணவர் டீம்களோட மெயில்களை எடுத்து அலசியிருக்காங்க. அவங்க கண்டது அப்படியே எங்க கதை. எதிர்ப்பக்கத்து ஊர்ல என்ன நிலைமைன்னு தெரியாம போகுது, தகவல் சிலருக்குப் போகுது சிலருக்குப் போகல, எது முக்கியம்னு ஆளாளுக்கு வேறயா எடுத்துக்கிறாங்க, ஒருத்தருக்கு சீக்கிரமும் இன்னொருத்தருக்கு லேட்டாவும் சேருது, கடைசியா, ஒருத்தர் பதில் போடாம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியல. "சரி"ன்னு அர்த்தமா, "ஒத்துக்க மாட்டேன்"னு அர்த்தமா, பாக்கவே இல்லயா, பாத்தும் என்ன சொல்றதுன்னு தெரியலயா, ஊர்லயே இல்லயா, அத்தனைக்கும் ஒரே அமைதிதான் கிடைக்குது. அப்ப மனுஷங்க நிலைமையைத் திட்ட மாட்டாங்க, ஆளைத் திட்டுவாங்க.

சரி பண்றது எப்படின்னா, எங்ககிட்ட வேலை செஞ்சது மூணு. தினமும் காலைல ஒரு சேனல்ல ஒரே ஒரு வரி, "இன்னிக்கு என் பக்கம்". மாசாந்திர பராமரிப்பு, 9 மணில இருந்து கரண்ட் இருக்காதுன்னு நான் போடுவேன். பனி கொட்டுது, பசங்களுக்கு ஸ்கூல் லீவு, ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்காங்கன்னு அங்க இருந்து ஒருத்தர் போடுவாரு. வேலையைப் பத்தி ஒண்ணும் எழுதக் கூடாது, நம்மளைச் சுத்தி என்ன நடக்குதுன்னு மட்டும். ஆரம்பத்துல இது எதுக்குன்னு கேட்டாங்க, இப்ப டீம்ல எல்லாரும் முதல்ல படிக்கிறதே அந்த சேனலைத்தான். ரெண்டாவது, அமைதிக்கு ஒரு அர்த்தம் வெச்சுட்டோம், கண் எமோஜி போட்டா பாத்துட்டேன், டிக் போட்டா ஒத்துக்கிறேன், ஒண்ணும் இல்லன்னா இன்னும் பாக்கலன்னு மட்டும்தான் எடுத்துக்கணும். மூணாவது, ஒவ்வொருத்தர்கிட்டயும் வீட்டு ஆள் ஒருத்தரோட நம்பர் வாங்கி வெச்சோம். ஒரு நாள் முழுக்க சத்தமே இல்லன்னா எஸ்கலேஷன் மெயில் (மேல இருக்கறவங்களுக்குப் புகார்) போகக் கூடாது, போன்தான் போகணும், போன்லயும் முதல் கேள்வி "நல்லா இருக்கீங்களா".

அறிகுறி 2: மீட்டிங்ல யாரும் வாயைத் திறக்கல, மீட்டிங் முடிஞ்ச உடனே வாட்ஸ்அப் பொங்குது

வீடியோ கால்ல "எனி க்வெஸ்டின்ஸ்?"னு கேப்பாங்க. அஞ்சு செகண்ட் அமைதி. "ஓகே, தேங்க்யூ ஆல்"னு முடியும். அடுத்த நிமிஷம் எனக்குத் தனியா மூணு மெசேஜ் வரும், "அக்கா, அவர் கடைசியா சொன்னது எனக்குப் புரியல", "அக்கா, அந்த தேதிக்கு முடியவே முடியாது, நீங்க சொல்லிடுங்களேன்". நம்ம ஊர் டீம்ல அனேகமா எல்லாத்துலயும் இப்படி ஒரு தமிழ் வாட்ஸ்அப் குரூப் தனியா ஓடிக்கிட்டு இருக்கும், உண்மையான மீட்டிங் அங்கதான் நடக்கும். அந்த குரூப்பை மூடச் சொல்லாதீங்க, அது காய்ச்சல் மாதிரி, காய்ச்சலைத் திட்டி என்ன பிரயோஜனம், உள்ள என்ன நோவுன்னு பாக்கணும்.

நோவு என்னன்னா பயம். தப்பா பேசிட்டா என்ன நினைப்பாங்க, இங்கிலீஷ் தடுமாறுனா என்ன ஆகும், சீனியர் சொன்னதுக்கு மேல சொன்னா அப்ரைசல்ல வருமா. இந்தப் பயம் இல்லாத நிலைமைக்கு உளவியல் பாதுகாப்புன்னு பேரு, எமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1999ல ஒரு உற்பத்தி நிறுவனத்துல 51 டீம்களை வெச்சு பண்ண ஆய்வுல, பயமில்லாம கேக்கவும் தப்பை ஒத்துக்கவும் முடிஞ்ச டீம்தான் சீக்கிரம் கத்துக்குது, நல்லாவும் வேலை பாக்குதுன்னு காமிச்சாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஆஸ்பத்திரிகள்ல மருந்து கொடுக்கறதுல நடக்குற தப்புகளைப் பத்தி ஒண்ணு பண்ணாங்க, அது இன்னும் யோசிக்க வைக்குது. நல்ல டீம்கள்ல தப்பு கம்மியா பதிவாகியிருக்கும்னுதான் போனாங்க, பாத்தா நல்ல டீம்கள்லதான் அதிகமா பதிவாகியிருக்கு. அங்க தப்பு நிறைய நடந்ததுன்னு இல்ல, வெளிய சொல்ல அங்க பயம் இல்ல. அப்புறம் கூகுள் தன்னோட 180 டீம்களை வெச்சு எது டீமை நல்லா ஓட வைக்குதுன்னு தேடுனப்பவும் முதல் இடத்துல வந்தது இதேதான்.

ஸ்க்ரீன்ல இந்தப் பயம் இன்னும் ஜாஸ்தி ஆகும். ஆபீஸ்ல ஒரு கேள்வி கேட்டா பக்கத்துல ஒருத்தர் தலையாட்டுவாரு, தைரியம் வரும். கால்ல மியூட் எடுத்துப் பேசினா மத்த 10 பேர் முகமும் கல்லு மாதிரி இருக்கும், பாதி பேர் கேமரா ஆஃப்.

எங்க டீம்ல ஒரு பொண்ணு, சேந்து எட்டு மாசம். ஒரு நாள் மத்தியானம் அவ சாட்ல "டைப்பிங்"னு வருது, மறையுது, திரும்ப வருது, மறையுது. கால் மணி நேரம் இப்படியே. நானே கூப்பிட்டேன். அழுதுக்கிட்டே சொன்னா, டெஸ்ட்ல ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்டை நிஜ டேட்டா ஓடுற ப்ரொடக்‌ஷன்ல ஓட்டிட்டா. எப்பன்னு கேட்டா நாலு மணி நேரம் முன்னாடி. அந்த நாலு மணி நேரத்துல தப்பான டேட்டா மேல புது டேட்டா ஏறிக்கிட்டே இருந்துச்சு, உடனே சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், நாங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தோம். ஏன்மா சொல்லலன்னு கேட்டப்ப, போன மாசம் இன்னொருத்தர் ஒரு தப்பு பண்ணப்ப குரூப் கால்ல எல்லார் முன்னாடியும் அவரை வறுத்து எடுத்தாங்கல்ல அக்கா, அதைப் பாத்தேன்னா. அந்தக் கால்ல நானும் இருந்தேன், நான் ஒரு வார்த்தை தடுத்துப் பேசல. அவளோட நாலு மணி நேரத்துக்கு அடித்தளம் போட்டது அந்த கால்தான்.

நாங்க மாத்துனது: "டவுட் இருக்கா"ன்னு கேக்கறதை நிறுத்திட்டோம், அதுக்கு யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. அதுக்கு பதிலா "இந்த ப்ளான்ல எந்த இடம் முதல்ல உடையும்னு தோணுது, ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க"ன்னு மூணு நிமிஷம் டைம் கொடுத்து டாக்குமென்ட்ல எழுத வைக்கிறோம், எழுதறப்ப இங்கிலீஷ் பயம் பாதியா குறையுது. பேசறப்ப ஜூனியர்தான் முதல்ல, லீட் கடைசி, ஏன்னா பெரியவங்க வாயைத் திறந்துட்டா அப்புறம் எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. வாரம் ஒரு தடவை நான் பண்ண ஒரு தப்பை நானே குரூப்ல போடுறேன், என்ன ஆச்சு, எப்படி கண்டுபிடிச்சேன்னு. அப்புறம் இது ரொம்ப முக்கியம், யாராவது கெட்ட செய்தி சொன்னா உங்க வாய்ல இருந்து வர்ற முதல் வாக்கியத்தை இப்பவே மனசுல எழுதி வெச்சுக்கோங்க. நான் வெச்சிருக்கிறது "சொன்னது நல்லதா போச்சு, இப்ப என்ன பண்ணலாம்". கோவம் வந்தாலும் அதுதான் முதல்ல வெளிய வரணும், மத்தவங்க எல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

அறிகுறி 3: சாட்ல உரசல், "என்ன இவர் இப்படி பேசுறாரு"

"ஓகே." இதுல ஒரு புள்ளி இருக்கு பாருங்க, அந்தப் புள்ளிக்காக ரெண்டு பேர் ஒரு வாரம் பேசாம இருந்திருக்காங்க எங்க டீம்ல. எழுதினவருக்கு அது வெறும் ஓகே. படிச்சவருக்கு கதவை அறைஞ்சு சாத்தின மாதிரி. நம்ம மொழியிலயே "சரி"க்கும் "சரிங்க"வுக்கும் எவ்ளோ தூரம், நேர்ல பேசறப்ப குரல் அதை சமாளிச்சிடும், எழுத்துல குரல் இல்ல.

ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் கூட்டாளிங்களோட 2005ல இதை சோதிச்சுப் பாத்தாங்க. நக்கலா சொல்றோமா உண்மையா சொல்றோமான்னு எதிராளி கண்டுபிடிச்சிடுவாங்கன்னு, ஈமெயில் அனுப்பினவங்க நூத்துக்கு 78 தடவை நம்புனாங்க. படிச்சவங்க சரியா கண்டுபிடிச்சது 56. காசு சுண்டிப் பாத்தாலே 50 வரும். நாம எழுதறப்ப நம்ம குரல் நம்ம காதுல கேக்குது, அதனால அது எதிராளிக்கும் கேக்கும்னு நினைச்சுக்கிறோம்.

வழி சின்னதுதான். ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை மாத்தி மாத்தி எழுதியும் புரியலன்னா மூணாவது மெசேஜ் போடாதீங்க, கூப்பிடுங்க. கோவமா ஒண்ணு வந்தா அதை உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆளோட குரல்ல ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, நிறைய மெசேஜ் அப்பவே சாதாரணமா மாறிடும். "இன்னும் முடியலயா"ன்னு மட்டும் எழுதாம, ஏன் கேக்குறோம்னு சேத்து எழுதுங்க, "நாலு மணிக்கு டெமோ இருக்கு, அதுக்காகக் கேக்குறேன், இப்ப எந்த இடத்துல இருக்கு"ன்னு. கூட ஒரு வரிதான். குறை சொல்றதா இருந்தா குரூப்ல வேண்டவே வேண்டாம், தனியா, அதுவும் குரல்ல.

அறிகுறி 4: "அவங்க", "நம்மாளுங்க"ன்னு பேச்சு பிரியுது

பேச்சைக் கவனிங்க. ஆன்சைட் (அங்க வெளிநாட்டுல இருக்கற) ஆளுங்க, ஆஃப்ஷோர் (இங்க இருக்கற) ஆளுங்கன்னு வந்துச்சுன்னா டீம் ஏற்கனவே ரெண்டா உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஆளுக்கு ஒரு ஊர்ல சிதறிக் கிடக்குற டீமைவிட, ரெண்டு ஊர்ல பாதி பாதியா இருக்குற டீம்தான் ரொம்ப மோசமா அடிச்சுக்குது. ஜெஃப்ரி போல்ஸரும் கூட்டாளிகளும் 2006ல வெளியிட்ட ஆய்வுல இது தெளிவா வந்துச்சு, ரெண்டு இடத்துல சம பாதியா பிரிஞ்சு இருந்த டீம்கள்ல சண்டை அதிகம், நம்பிக்கை கம்மி. யோசிச்சா புரியும், பாதி பாதியா இருந்தா ரெண்டு பக்கமும் டீ குடிக்க, ஒண்ணா முணுமுணுக்க ஆள் இருக்கு, அந்தப் பக்கத்து மேல ஒரே அபிப்பிராயம் சேந்து உருவாகிடும்.

இங்க ஒரு பழக்கத்தை உடனே நிறுத்தணும்: ஒரு பக்கம் ஆறு பேர் கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்காந்து ஒரே மைக்ல பேசறது, இன்னொரு பக்கம் ஒருத்தர் வீட்டுல இருந்து ஸ்க்ரீன்ல சின்ன கட்டமா தெரியறது. ரூம்ல சிரிக்கிறாங்க, இவருக்கு எதுக்குன்னு தெரியல. ஒருத்தர் ரிமோட்னா எல்லாரும் ரிமோட், ஆபீஸ்ல இருந்தாலும் அவங்கவங்க லேப்டாப்ல, அவங்கவங்க ஹெட்செட்ல. அப்புறம் வேலையை ஊர் வாரியா பிரிக்காதீங்க. நாங்க ஒரு ஃபீச்சருக்கு இங்க ஒருத்தர் அங்க ஒருத்தர்னு ஜோடி போட்டோம். மெயில் போட்டாருன்னு முதல்ல சொன்னேனே, அவரையும் அந்த தம்பியையும் வேணும்னேதான் ஒண்ணா போட்டேன். முதல் ரெண்டு வாரம் ரெண்டு பேரும் அளந்து அளந்து பேசுனாங்க. இப்ப அவர் தம்பிகிட்ட ஊர்ல மழையான்னு கேக்காம கால் ஆரம்பிக்க மாட்டாரு.

அறிகுறி 5: சாயங்காலம் ஆனா ஆளே காலி, சின்ன விஷயத்துக்கு எரிச்சல்

முதல்ல கடிகாரத்தைப் பாருங்க. நியூ யார்க் பக்கம் காலை 9 மணின்னா கோடைல நமக்கு சாயங்காலம் ஆறரை, நவம்பர் முதல் ஞாயிறுக்கு அப்புறம் அதே கால் நமக்கு ஏழரைக்குப் போயிடும், மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். அங்க இருக்கறவங்களுக்கு கேலண்டர்ல ஒண்ணுமே மாறாது, நமக்கு மட்டும் புள்ளைக்கு சோறு ஊட்டுற நேரத்துல கால் வந்து உக்காரும். நாலு மாசம் இது ஓடும், யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, ஆனா எரிச்சல் வேற எங்கயாவது வெடிக்கும். நேரக் கஷ்டத்தை ஒரே பக்கம் தலையில போடாதீங்க. நாங்க ஒரு மாசம் அவங்க காலைல ஏழரைக்கு எந்திரிச்சு வர்றாங்க, ஒரு மாசம் நாங்க ராத்திரி உக்காருறோம். அவங்க அந்த ஒரு மாசம் சீக்கிரம் எந்திரிச்சதுக்கு அப்புறம், தேவையில்லாத கால் தானா குறைஞ்சுது.

அடுத்தது வீடியோ. நாள் முழுக்க உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கல, ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஸ்டான்ஃபோர்டுல ஜெரமி பெய்லன்சன் 2021ல இதுக்கு நாலு காரணம் சொன்னாரு. இத்தனை முகம் இவ்ளோ கிட்டத்துல நம்மளையே பாக்குறது, நம்ம முகத்தை நாமளே நாள் முழுக்க பாத்துக்கிட்டு இருக்கறது, அசையாம ஒரே கட்டத்துக்குள்ள உக்காருறது, முகபாவத்தைப் படிக்க மூளை கூடுதலா வேலை செய்யறது. நாலையும் வெச்சே வழி பண்ணிக்கலாம், விண்டோவைச் சின்னது பண்ணுங்க, உங்க முகத்தை மறைச்சு வைக்கிற ஆப்ஷன் இருக்கு அதைப் போடுங்க, ரெண்டு பேர் பேசற காலை போன்ல நடந்துக்கிட்டே பேசுங்க. கேமரா கட்டாயம்னு ரூல் போடறவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன், ஒரே ரூம்ல மாமனார் மாமியார் புள்ளைங்களோட இருந்துக்கிட்டு வேலை பாக்குற பொண்ணுக்கு அந்த கேமரா என்ன பாடுபடுத்தும்னு யோசிச்சீங்களா?

அறிகுறி 6: ரெண்டு பேர் மாடா உழைக்கிறாங்க, மீதி பேர் எங்கன்னே தெரியல

கயிறு இழுக்கறப்ப ஆள் கூடக் கூட ஒவ்வொருத்தரோட இழுப்பும் குறையுதுன்னு ரிங்கல்மான்னு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் 1913லயே எழுதி வெச்சாரு. 1979ல லட்டானேயும் கூட்டாளிகளும் கைதட்ட சொல்லியும் கத்த சொல்லியும் பாத்தாங்க, அதேதான், கூட்டத்துல ஒருத்தரா இருந்தா தலைக்கு சத்தம் கம்மி. ஆனா தன்னோட சத்தம் தனியா அளக்கப்படுதுன்னு தெரிஞ்சா அந்தக் குறைச்சல் போயிடுதுன்னு அப்புறம் வந்த சோதனைகள்ல தெரிஞ்சுது. அதனால "டீம் பாத்துக்கும்"னு எழுதின டிக்கெட்டை யாரும் பாத்துக்க மாட்டாங்க. ஒரு டிக்கெட், ஒரு பேரு, ஒரு தேதி. அதோட அவர் பண்றது யாருக்குப் போய்ச் சேருதுன்னு சொல்லுங்க. எங்க டீம்ல ஒருத்தர் ஆறு மாசமா ரிப்போர்ட் ஒண்ணு பண்ணிக்கிட்டு இருந்தாரு, அதை யார் படிக்கிறாங்கன்னே அவருக்குத் தெரியாது, மெல்ல மெல்ல அசட்டையா ஆயிட்டாரு. அதைப் படிக்கிற அம்மாவை ஒரு கால்ல கூட்டிட்டு வந்து பத்து நிமிஷம் பேச வெச்சோம், அடுத்த வாரமே அவரே அந்த ரிப்போர்ட்ல ரெண்டு புது காலம் (column) சேத்தாரு.

இங்க ஒரு எச்சரிக்கை. மவுஸ் அசையுதா, பச்சை லைட் எரியுதா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட், இந்த சாஃப்ட்வேரைப் போடணும்னு தோணும். போடாதீங்க. 2022ல மைக்ரோசாஃப்ட் எடுத்த சர்வேல ஊழியர்கள்ல 87 சதவீதம் பேர் நல்லா வேலை பாக்குறோம்னு சொன்னாங்க, மேல இருக்கறவங்கள்ல 85 சதவீதம் பேர் ஹைப்ரிட் முறைல (கொஞ்ச நாள் வீடு, கொஞ்ச நாள் ஆபீஸ்) அந்த நம்பிக்கை வைக்க கஷ்டமா இருக்குன்னு சொன்னாங்க. இந்த இடைவெளி சந்தேகத்துல இருந்து வர்றது, சந்தேகத்தை மேல மேல அளந்தா இன்னும் சந்தேகம்தான் வரும். பச்சை லைட்டைக் காப்பாத்தணும்னு ஆயிட்டா மனுஷங்க லைட்டைத்தான் காப்பாத்துவாங்க, வேலையை இல்ல.

அறிகுறி 7: நல்லா வேலை பாத்துக்கிட்டு இருந்தவர் திடீர்னு பேப்பர் போடுறாரு (ராஜினாமா)

திடீர்னுன்னு ஒண்ணு இல்ல, நமக்குத்தான் தெரியல. ரிமோட்ல தனிமைங்கிறது வேலையோட தரத்துல கடைசிலதான் தெரியும். ஷாங்காய்ல சீட்ரிப்ங்கற பயண நிறுவனத்தோட கால் சென்டர்ல நிக்கோலஸ் ப்ளூம் கூட்டாளிங்களோட பண்ண பரிசோதனை இருக்கு, ஒன்பது மாசம் வீட்டுல இருந்து வேலை பாக்க விட்டாங்க, வேலை 13 சதவீதம் கூடிச்சு, வேலையை விட்டுப் போறவங்களும் பாதியா குறைஞ்சாங்க. அருமை. ஆனா முடிஞ்சப்ப திரும்ப என்ன வேணும்னு கேட்டா கிட்டத்தட்ட பாதி பேர் ஆபீஸுக்கே வர்றோம்னாங்க, பெரிய காரணம் தனிமை. எண்ணு ஏறிக்கிட்டே இருக்கறப்பவே ஆள் உள்ளுக்குள்ள வாடிக்கிட்டு இருக்கலாம். அதே நிறுவனத்துல அப்புறம் 1,612 பேரை வெச்சு வாரம் ரெண்டு நாள் மட்டும் வீடுன்னு பாத்தப்ப, வேலை குறையல, விட்டுப் போறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சுதுன்னு 2024ல வெளியிட்டாங்க. ஆபீஸ் பக்கத்துல இருக்கறவங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தா எடுத்துக்கோங்க. எங்களுக்கு அது இல்ல.

புதுசா சேர்றவங்கதான் இதுல முதல்ல விழுவாங்க. பழைய ஆளுங்களுக்கு பழைய உறவு கைல இருக்கு, அதை வெச்சு ஓட்டிடுவாங்க. மைக்ரோசாஃப்ட்ல 61,182 பேரோட தொடர்புகளை வெச்சு 2022ல வந்த ஆய்வும், ரிமோட் ஆனதுக்கு அப்புறம் ஆளுங்க தங்களோட சின்ன வட்டத்துக்குள்ளயே சுருங்கிட்டாங்க, புது தொடர்பு கம்மியாச்சுன்னுதான் சொல்லுது. எங்ககிட்ட ஒரு பையன் பத்து மாசம் இருந்தான், ஒரு டிக்கெட்டும் லேட் ஆனதில்ல, பேப்பர் போட்டப்ப எல்லாருக்கும் அதிர்ச்சி. எச்ஆர் கால்ல சம்பளம்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அதனால இப்ப புது ஆள் சேந்தா முதல் ஆறு வாரம் தினமும் 15 நிமிஷம், அவங்களுக்கு கிட்டத்தட்ட சம வயசுல ஒருத்தரோட ஒரு கால், வேலை பேச்சு இல்லாம, லீட் இல்லாம. முதல் வாரத்துலயே ஒரு சின்ன விஷயத்தை அவங்க டீமுக்கே டெமோ காட்டணும், பேரு எல்லாருக்கும் பதியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தமிழ்நாட்டு ஆளுங்க ஏழு பேரும் ஏதாவது ஒரு ஊர்ல நேர்ல கூடுறோம், ட்ரெயின் டிக்கெட் காசு போன தடவை நாங்களே போட்டுக்கிட்டோம், பரவால்ல. தனியா பேசறப்ப "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா "நல்லா இருக்கேன்"தான் வரும், அதுக்கு பதிலா "போன வாரம் வேலை விஷயமா இல்லாம டீம்ல யார்கிட்ட பேசினீங்க"ன்னு கேளுங்க. பதில் வர ரொம்ப நேரம் ஆச்சுன்னா, அந்த ஆளைக் கவனிக்க ஆரம்பிச்சிடுங்க.

ஏற்கனவே ஒருத்தர் போயிட்டாருன்னா கடைசி நாள்ல காரணம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல, யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே கூப்பிடுங்க, திரும்ப வாங்கன்னு கேக்கறதுக்கு இல்ல, சும்மா. அந்தப் பையனை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். புது கம்பெனி, புது ஊருன்னு பேசிக்கிட்டே இருந்துட்டு ஒரு இடத்துல சொன்னான், "அங்க பத்து மாசத்துல என் பேரை சரியா சொன்னது நீங்க ஒருத்தர்தான் அக்கா". அன்னிக்கு ராத்திரியே உக்காந்து புது ஆளுக்கான அந்த ஆறு வார ப்ளானை எழுதினேன்.